மஸ்கட்டிலிருந்து அடுப்படி வரை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம், முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி. இது தூரத்தைப் பற்றிய கதை. நடுவில் இடம் விட்டு உட்கார்ந்து கேட்டால் அந்த இடத்தில் அது வந்து சம்மணம் போட்டுக்கொள்ளும், அப்புறம் கிளப்ப முடியாது. கீரனேந்தலில் அப்படித்தான் ஆனது.

கீரனேந்தல், திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ராவுத்தமார் ஊர். வீட்டுக்கு ஒரு ஆம்பளை மஸ்கட்டில். மஸ்கட் எத்தனை மைல் என்று யாருக்கும் தெரியாது, எவ்வளவு நேரம் என்று எல்லாருக்கும் தெரியும். புருஷனை விமானம் ஏற்றிவிட்டு, வேன் பிடித்து வீடு வந்து, அழுத முகத்தைக் கழுவி, குழம்பு கூட்டி, துணி துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததை எடுத்து மடிக்கிறபோது போன் அடிக்கும், ‘எறங்கிட்டேன் புள்ள’ என்று. நாலு மணி நேரம். நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவன் திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. தூரம்னா தூரம்தான், வானம் மாதிரி அது பாட்டுக்கு இருக்கும், அதை யார் கேள்வி கேட்பது.

அந்த ஊரில் வெளிநாடு போவதைச் சபர் என்பார்கள். சபர் போகிறவரை வாசலில் வைத்து அனுப்ப மாட்டார்கள், அடுப்படியில் வைத்துத்தான் அனுப்புவார்கள். வீட்டுப் பொம்பளை உலையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்து, போகிறவர் உள்ளங்கையில் தான் வைத்த உப்போடு பிசைந்து ஊட்டுவாள். கூட்டிக்கொண்டு போகிறவன் யாரானாலும் அந்த அடுப்பு வரைக்கும் வந்து, அவள் கையிலிருந்து போகிறவர் கையை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கை வாங்குவது என்று பேர். கை வாங்காமல் கூட்டிப் போனால் அது திருட்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு ஆடி மாதம், காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த நாளில், மஸ்கட்டுக்கும் திருச்சிக்கும் நடுவே இருந்த தூரம் வற்ற ஆரம்பித்தது. கோடையில் கண்மாய் வற்றுகிற மாதிரி, ஒரேயடியாக இல்லை, ஓரத்திலிருந்து. முதல் நாள் வந்தவர்கள் காற்று தள்ளிவிட்டது என்றார்கள். அடுத்த நாள் வந்தவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டின் மூடியைப் பிரிக்கிறதுக்குள் பெல்ட்டைப் போடு என்று விளக்கு எரிந்தது. அதற்கடுத்து, விமானத்துப் பொண்ணுகள் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலாவது வரிசைக்கு வருவதற்குள் இறங்க வேண்டியிருந்ததால் வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டு, ஏறும்போதே கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் ஒரு உலை அரிசி வேகிற நேரத்தில் வந்து நின்றது, அதற்குமேல் வற்றவில்லை. டிக்கெட் விலை மட்டும் சல்லிக்காசு குறையவில்லை. அதனால்தான் ஜனங்களுக்கு இது நிஜம் என்று நம்பிக்கை வந்தது.

ஆச்சரியப்பட்டவர் யாரும் இல்லை. சந்தேகப்பட்டவர்கள்தான் ஊர் முழுக்க. “மண்ண வெட்டுனா ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் மேடு இருக்கணும்ல,” என்றாள் மைமூன் மாமி, ஊரிலேயே மூத்த வாய் அவளுடையது. “அம்புட்டுத் தூரத்தையும் எடுத்துருக்கானுவ. எடுத்தத எங்க கொட்டுனானுவ?” நியாயமான கேள்வி. ரோடு போடுகிற காண்டிராக்டர் மேல் சந்தேகம் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மேல் வந்தது, அவர்கள் ஊர் பஸ் அந்த மாதம் இரண்டு தடவை தாமதமாக வந்ததால். அப்புறம் விமானத்தில் சரக்கு ஏற்றி இறக்கியே பிழைக்கிற குருவிகள் மேல் வந்தது. தங்கத்தை அயர்ன் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரத் தெரிந்தவனுக்குத் தூரத்தைக் கொண்டுவரத் தெரியாதா? ஒருத்தர் பெட்டியை ஒருத்தர் பிரித்தார்கள். கம்பளியின் ஓரத் தையலைப் பிரித்து உள்ளே கைவிட்டுத் துழாவினார்கள். பவுடர் டப்பாவைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். தைல பாட்டிலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் தேடினவனும் தேடப்பட்டவனும் அதற்கப்புறம் ஒருத்தருக்கொருத்தர் சலாம் சொல்லுகிறபோது முகத்தைப் பார்க்கவில்லை.

அது சிக்கந்தர் வீட்டில்தான் முதலில் அகப்பட்டது.

சிக்கந்தர் கட்டட வேலைக்காரன், வெள்ளந்தி. தூரம் வற்றியதும் வெள்ளிக்கு வெள்ளி வீட்டுக்கு வர ஆரம்பித்தான். ஒரு வெள்ளிக்கிழமை முன்கூடத்தில் உட்கார்ந்து, “ராவியத்து, டீ கொண்டா,” என்றான். பெண்டாட்டி ராவியத்து ஆவி பறக்கிற டீயை எடுத்துக்கொண்டு எப்போதும் போல பத்து எட்டில் வந்தாள். அவன் கையில் கொடுத்தபோது டீ மேல் ஏடு படிந்து, ஒரு ஈ செத்துக் கிடந்தது. “எவ்வளவு நேரமா ஒக்காந்திருக்கேன் தெரியுமா?” என்றான். “இப்பத்தான கேட்டிய,” என்றாள். அவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். போனான், போனான், போய்க்கொண்டே இருந்தான். அதற்குள் அடுப்படிக்குத் திரும்பிவிட்ட ராவியத்துக்குப் புருஷன் வரப்பு மேல் வருகிற ஆள் மாதிரி அந்தக் கோடியில் சின்னதாய்த் தெரிந்தான். அவன் என்னமோ சொன்னான், வாய் அசைந்தது. அவள் வெங்காயம் உரித்து முடித்த பிறகு சத்தம் வந்தது, “என்னடி இது?” என்று.

ஆக, ஆகாயத்தில் மிச்சமானது வீட்டுக்குள் வந்து விழுந்திருந்தது. முன்கூடம் வரைக்கும் ஒன்றுமில்லை. முன்கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் தான் அது. அதுவும் வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. பொம்பளைகளும் பிள்ளைகளும் பூனையும் எப்போதும் போலப் போய் வந்தார்கள். விமானத்தில் வந்தவனுக்கு மட்டும்தான். திரும்பிப் போகவோ தூரமே கிடையாது, எவ்வளவு உள்ளே நடந்திருந்தாலும் திரும்பினால் வாசல் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும்.

ஊர் இதை ஏற்றுக்கொண்டது, மழைக்குக் குடை எடுக்கிற மாதிரி. ஆம்பளைகள் தண்ணி பாட்டிலும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்குள் புறப்பட்டார்கள். கடையில் வீட்டுக்குள் போட்டு நடக்க மெத்தென்ற செருப்பு விற்றது. நடக்கிறவனுக்குப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சோறு கொடுத்துவிட்டு வந்தார்கள். சோறு ஆறித்தான் போகும், ஆனாலும் போகும். ‘உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு?’ என்று கேட்டால் முன்பெல்லாம் ‘மஸ்கட்ல’ என்பார்கள், இப்போது ‘நடுத்தூணத் தாண்டிட்டாரு’ என்றார்கள்.

பள்ளிவாசலில் ஒரு பிரச்சனை வந்தது. ஒரு தடவை குனிந்து நிமிர்ந்து தொழுதால் ஒரு ரக்அத்; பயணத்தில் இருப்பவன் நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம், அது மார்க்கம் கொடுத்த சலுகை. சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருப்பவன் நாலும் தொழ வேண்டும். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பவன் எதில் சேர்த்தி? பள்ளிவாசலில் தொழ வைக்கிற அஜரத் நேரிலேயே பார்த்துவிடலாம் என்று சிக்கந்தர் வீட்டுக்கு வந்தார். பத்து எட்டில் அடுப்படிக்குப் போய், சூடாக ஒரு டீ குடித்து, திரும்பி வந்து பார்த்தால் சிக்கந்தர் இன்னும் முதல் தூணண்டை வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அஜரத் தாடியைத் தடவினார், மூன்று நாள் மார்க்கப் புத்தகங்களைப் புரட்டினார். பிறகு சொன்னார்: “நடக்குறவன் பயணி. அவனுக்கு ரெண்டு. அடுப்படிக்கு வந்து சேந்தவன் வீட்டுக்காரன். அவனுக்கு நாலு.”

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் ஒரு விஷயம் மெதுவாக வெளியே வந்தது. சிக்கந்தர் அன்றைக்கு பொழுது சாய்கிற நேரத்து அசர் பாங்கு சொல்வதற்குள் அடுப்படி சேர்ந்துவிட்டான். அவனோடு அதே விமானத்தில், அடுத்த சீட்டில் உட்கார்ந்து வந்த மேலத்தெருக்காரனுக்கு ஒரு வாரம் ஆனது. இன்னொருத்தன் லீவு முழுவதும் நடந்தும் நடுத்தூணைத் தொடவில்லை. ஒரே விமானம், ஒரே ஆகாயம், வீட்டுக்கு வீடு தூரம் மட்டும் வேறே வேறே. ஏன் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ராத்தாக்கள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, “ஒங்க வீட்டுல எத்தன நாளு?” என்று சாதாரணமாகக் கேட்பதும், பதில் சொல்கிறவள் ஒரு நாளைக் குறைத்துச் சொல்வதும், கேட்டவள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வதுமாக ஊர் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சில பேர் முன்கூடத்தோடு நின்றுகொண்டார்கள். முன்கூடத்தில் உட்கார்ந்து, ஆறின டீயைக் குடித்து, பெற்ற பிள்ளையை அங்கேயே கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உலை அரிசி வேகிற நேரத்தில் மஸ்கட் போய்ச் சேர்ந்தார்கள். இன்னும் சில பேர் வரவே இல்லை.

வராதவர்களில் ஒருத்தன் அபுசாலி, மைமூன் மாமியின் மகன்.

அவன் போய் ஆறு வருஷம். அவன் பெண்டாட்டி பல்கீஸ். இந்தக் கதையில் புத்திசாலி யார் என்று கேட்டீர்களானால் அவள்தான், ஆனால் ஊரில் அவளைப் புத்திசாலி என்று யாரும் சொன்னதில்லை, சந்தேகக்காரி என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் படியில் அரிசியைக் கொட்டுகிற சத்தத்திலேயே படி நிறைந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள், கண்ணால் பார்க்க மாட்டாள். அபுசாலி போனில் ‘தூரம் புள்ள, நெனச்சா வந்துர முடியுமா?’ என்று சொல்லுகிறபோதெல்லாம் அவள் அவன் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தூரம் வற்றி மூன்று மாதம் ஆன பிறகும் அவன் அதையே சொன்னான்.

“ஊரே வெள்ளிக்கு வெள்ளி வருது மச்சான்.”

“அவனுவளுக்கு வேல இல்ல.”

மாமிக்கோ மருமகள் மேல்தான் சந்தேகம். “நீ என்னமோ சொல்லியிருக்க. அதான் எம்மவன் வரல. ஒன் வாயி சும்மா இருக்குமா,” என்பாள். பல்கீசுக்கு இருந்தது ஒரே மகள், நஸீமா, பதினொரு வயது. அத்தா முகம் அந்தப் பிள்ளைக்குப் போட்டோவில்தான் பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத் தொழுகையான லுஹருக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் அபுசாலி வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், கையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. மாமி அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தன் நெற்றிப் பொட்டில் விரலை நெறித்துத் திருஷ்டி கழித்தாள். பல்கீஸ் அடுப்படியிலிருந்து முன்கூடத்துக்கு வந்து, சலாம் சொல்லி, பெட்டியை நகர்த்தி ஓரமாக வைத்தாள். பெட்டி பஞ்சு மாதிரி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆறு வருஷம் கழித்து வருகிறவன் காலிப் பெட்டியைக் கொண்டுவந்தால், கொடுக்க வரவில்லை, எடுக்க வந்திருக்கிறான். அவள் அடுப்படிக்குத் திரும்பி உலை வைத்தாள்.

அவன் முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தான். அது வந்து சேர்ந்தபோது உலை கொதித்துவிட்டது.

“நஸீமாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன் புள்ள. அங்க நல்ல பள்ளிக்கூடம். சோறு வேகுற நேரந்தான, காலைல போனா சாயங்காலம் வந்துருவா. அசருக்குப் பிளேனு. பாஸ்போட்டு எடு.”

பாஸ்போர்ட் இருந்தது. ‘ஒங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறேன்’ என்று அவன் சொல்லிய ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்தது.

“எனக்கு டிக்கெட்டு?” என்று கேட்டுவிட்டு அரிசியைக் களைந்தாள்.

அரிசியைப் போட்டு மூடிய பிறகு பதில் வந்தது. “ஒனக்கு அடுத்த வாட்டி.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது. “புள்ளைக்குச் சோறு பொங்கத் தெரியுமா? துணி துவைப்பாளா?”

பல்கீசின் கை கரண்டியில் அப்படியே நின்றது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறவன் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்கவில்லை. சோறு பொங்கத் தெரியுமா என்று கேட்கிறான். யார் வீட்டுக்குச் சோறு பொங்க? ஜன்னலில் தெருக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். ‘நல்ல விஷயந்தான, சாயங்காலம் வந்துருவாளே’ என்றது ஒரு குரல். காலையில் வற்றுகிற தண்ணி சாயங்காலம் வராது என்று யார் கண்டது? தூரம் மறுபடி ஊறிவிட்டால் பிள்ளை அந்தப் பக்கம் நிற்கும், இவள் இந்தப் பக்கம் நிற்பாள், நடுவில் பழைய நாலு மணி நேரமும் அதன் மேல் பழைய ஆறு வருஷமும் நிற்கும்.

லுஹர் பாங்கு சொன்னார்கள். அபுசாலி பள்ளிவாசலுக்குப் போகவில்லை, முன்கூடத்திலேயே பாயை விரித்தான். மாமி வாசற்படிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் பல்கீஸ் காதைக் கொடுத்து நின்றாள். அவன் முழங்காலில் ஒரு சொடக்கு உண்டு, கல்யாணமான நாளிலிருந்து, குனிந்து நிமிருகிறபோதெல்லாம் கேட்கும். தூரத்தில் சத்தம் தாமதமாகலாம், எண்ணிக்கை மாறாது. சொடக்கு வந்தது. மறுபடி வந்தது. மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். அதற்குப் பதில் தொழுகையை முடிக்கிற சலாம் வந்தது, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

வாசலில் மாமியின் கையில் தஸ்பீஹ் நின்றுபோனது.

“மச்சான்,” என்று பல்கீஸ் அடுப்படியிலிருந்தே கேட்டாள், ஜன்னலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. “ரெண்டோட எந்திரிச்சிட்டீங்களே.”

குழம்பைத் தாளித்து இறக்கிய பிறகு அவன் பதில் வந்தது. “பயணத்துலதான இருக்கேன். ஒங்க அஜரத்தே சொல்லியிருக்காராமே, வீட்டுக்குள்ளயும் பயணிதான்னு.”

“நடக்குறவனுக்குல்ல சொன்னாரு. நீங்க ஒக்காந்துல்ல இருக்கீங்க.”

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள், யாரோ ‘ச்சூ’ என்று அடக்கினார்கள்.

அவன் எழுந்து நின்றான். “புள்ளய இங்க அனுப்பு. நேரமாவுது.”

“புள்ள அடுப்படியில இருக்கா. வந்து கை வாங்கிக்குங்க.”

“அந்தக் காலத்து வழக்கமெல்லாம் எதுக்கு இப்ப? சோறு வேகுற நேரத்துல போற ஊருக்கு.”

இதற்குப் பதில் சொன்னது பல்கீஸ் இல்லை, மாமி. வாசலிலிருந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “ஒன்னையும் அப்புடித்தான் அனுப்புனோம். ஒன்னைய அழச்சிட்டுப் போன ஒன் மாமன், பெரிய மனுசன், அடுப்படியில குனிஞ்சி வந்து ஒங்கையக் கேட்டு வாங்குனான். கை வாங்காமக் கூட்டிட்டுப் போறதுக்கு இந்த ஊருல என்ன பேருன்னு ஒனக்குத் தெரியும்.”

ஜன்னலில் நின்ற சிக்கந்தர் நல்ல மனசோடு ஒரு பாட்டில் தண்ணியைக் கம்பி வழியாக நீட்டினான். “வாங்கிக்க மாப்ள. நானும் நடந்தவன்தான். வேகமா நடக்காத, மூச்சு வாங்கும். தூணு தெரிஞ்சிட்டா அப்புறம் பயமில்ல.”

வேறு வழி இல்லாமல் அபுசாலி நடக்க ஆரம்பித்தான்.

அடுப்படியில் பல்கீஸ் மகளைத் தன் பக்கத்தில் நிறுத்தி, அவள் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். “மூடிக்க. அத்தா வந்தாத்தான் தொறக்கணும்.” பிள்ளை மூடிக்கொண்டது. “அம்மா, அத்தா ஏன் இம்புட்டு சின்னதா இருக்காக?” என்று கேட்டது. “தூரத்துல இருக்காருல்ல,” என்றாள் பல்கீஸ். அவன் நடந்தான். வெள்ளைச் சட்டை, எள்ளுப்போல ஒரு தலை. கண்மாய்க்கரையில் வருகிற ஆள் மாதிரி இல்லை, கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரின் கரையில் வருகிற ஆள் மாதிரி. சோறு வெந்தது, வடித்தாள். சோறு ஆறியது. முதல் தூணுக்கும் அவனுக்கும் நடுவே இருந்த இடம் குறைகிறதா கூடுகிறதா என்று ஜன்னலில் ஒரு விவாதமே நடந்தது. குறைகிறது என்றான் சிக்கந்தர். கூடுகிறது என்றாள் ராவியத்து. அங்கேயே நின்று அவன் கத்தினான், அது அடுப்படிக்கு வந்தபோது கோபம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்து, வார்த்தை மட்டும் சாந்தமாக வந்தது: “புள்ளய எதுத்தாப்புல அனுப்பு, நான் பாதி தூரம் வந்துட்டேன்ல.”

நஸீமா ஒரு காலை முன்னால் வைத்தாள். அவளுக்கு அது பத்து எட்டுதான், ஓடினால் ஐந்து. பல்கீஸ் அவள் தாவணி முனையைப் பிடித்தாள், இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டாள் அவ்வளவுதான். பிள்ளை காலைப் பின்னால் எடுத்துக்கொண்டது.

அப்போதுதான் மேலே விமானம் போனது.

அசர் நேரத்து விமானம், அவனும் நஸீமாவும் ஏற வேண்டியது. மூன்று மாதமாக அந்தச் சத்தம் கீரனேந்தலுக்கு மேல் வந்தவுடனே பட்டென்று அறுந்துபோகும், போய்ச் சேர்ந்துவிட்ட சத்தம். இன்றைக்கு அறுந்துபோகவில்லை. இழுத்துக்கொண்டே போனது, மேற்கே, தேய்ந்து தேய்ந்து, நூல் கண்டு பிரிகிற மாதிரி. பல்கீசுக்கு அந்தச் சத்தம் தெரியும், ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம். அந்த விமானம் அன்றைக்குப் பழைய நாலு மணி நேரம் எடுத்துத்தான் மஸ்கட் போய்ச் சேர்ந்தது என்றும், ஏறினவர்கள் சாப்பாடு இல்லாமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே போனார்கள் என்றும் பின்னால் சொன்னார்கள். தூரம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது, அபுசாலி வீட்டில் கிடந்த பங்கு மட்டும் பாக்கி என்றும் சொன்னார்கள். யார் கண்டது, அதை விடுங்க.

அபுசாலியும் அந்தச் சத்தத்தைக் கேட்டான். நடையை நிறுத்தினான். இவ்வளவு தூரத்திலிருந்து பல்கீசுக்கு அவன் முகம் தெரியவில்லை, கால் தெரிந்தது. வலது கால் அடுப்படியைப் பார்த்து நின்றது. இடது கால் குதியைத் தூக்கி, மெல்ல, வாசலைப் பார்த்துத் திரும்பியது. திரும்பினால் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பல்கீஸ் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கி, கோழி மிதிபடாமல் தாண்டி, சந்து வழியாக ஓடி முன்வாசலுக்கு வந்தாள். மாமி அதே நாற்காலியில்தான் இருந்தாள். அவள் மடியில் தஸ்பீஹ் இல்லை. ஊருக்குப் போகிறபோது மட்டும் வெளிக்கதவுக்குப் போடுகிற பெரிய பித்தளைப் பூட்டு இருந்தது. ஆறு வருஷமாக மருமகளைச் சந்தேகப்பட்ட அந்தக் கிழவி, பூட்டை எடுத்து மருமகள் கையில் வைத்து, “நாலு தொழுகுற வீட்டுல பொறந்தவன்,” என்று மட்டும் சொன்னாள். ஜன்னலில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பல்கீஸ் இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்து, நாதாங்கியை மாட்டி, பூட்டைப் போட்டுத் திருகி, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்த சந்து வழியாகவே நடந்து, பின்வாசலில் ஏறி, அதையும் உள்ளே தாழ்ப்பாள் போட்டு, அடுப்படிக்கு வந்தாள். நஸீமா கையை மூடியபடி அப்படியே நின்றிருந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேர்வையில் நனைந்திருந்த உப்பைத் தட்டி ஜாடியில் திரும்பப் போட்டாள். வீட்டின் அந்தக் கோடியில் வெள்ளைச் சட்டை ஒரு புள்ளி மாதிரி நின்றது, இப்போது இரண்டு காலும் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. “மெதுவா வாங்க மச்சான்,” என்றாள் சாதாரணக் குரலில், அது எப்போது போய்ச் சேருமோ அப்போது சேரட்டும் என்று. பிறகு குனிந்து அடுப்பை ஊதி, புதிதாக உலை வைத்து, எப்போதும் போடுகிற அரிசிக்கு மேலே இன்னொரு உழக்கு அளந்து போட்டாள்.